தாய்க்குத் தெரியும் முன்பே

கரு உருவான 28 நாட்களுக்குள் இதயம் துடிக்கிறது, தண்டுவடக் குழல் மூடிக்கொள்கிறது. செல்கள் ஒன்றோடொன்று பேசி நடத்தும் இந்தக் கட்டுமானத்தின் கெடுவுக்குள் தாய்க்கு உதவி போய்ச் சேர்வது அபூர்வம்.

கணக்கு எளிமையானது. மாதவிலக்கு தள்ளிப்போய்விட்டது என்று ஒரு பெண் முதன்முதலாக உணரும் நாளில் அவள் வயிற்றில் உள்ள கருவுக்குச் சுமார் இரண்டு வார வயது. அளவில் அது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. தட்டையான ஒரு தகடு, அவ்வளவுதான். அதில் இதயம் இல்லை, மூளை இல்லை, எலும்பும் இல்லை.

இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று அவள் காத்திருக்கிறாள். கரு காத்திருப்பதில்லை. சுமார் 22-ம் நாள் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. 26-ம் நாள் வாக்கில் கைகள் மொட்டு விடுகின்றன. 28-ம் நாளுக்குள் மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறப்போகும் குழல் இரு முனைகளிலும் மூடிக்கொள்கிறது. சந்தேகம் தீர்ந்து, வீட்டில் சொல்லி, அவள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேரும்போது அஸ்திவார வேலை முடிந்திருக்கிறது.

டாக்டர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவதால் அவர்கள் எழுதும் சீட்டில் இரண்டு வாரம் கூடுதலாக இருக்கும். இங்கே சொல்லப்படும் நாட்கள் கரு உருவான நாளிலிருந்து எண்ணப்பட்டவை. மூன்றாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் ஏறக்குறைய எல்லா முக்கிய உறுப்புகளும் உருவாகத் தொடங்கிவிடுகின்றன. எட்டாவது வாரக் கடைசியில் கருவின் நீளம் சுமார் 3 சென்டிமீட்டர். அதன் பிறகு நடப்பது பெரும்பாலும் வளர்ச்சியும் முதிர்ச்சியும்தான்.

எது முதலில்?

கருவில் முதலில் தோன்றும் உறுப்பு எது? கேள்வி மிகப் பழையது. சுசுருத சம்ஹிதை இதைப் பற்றி ஒரு விவாதத்தையே பதிவு செய்திருக்கிறது. தலைதான் என்றார் சௌனகர். இதயம் என்றார் கிருதவீரியர். தொப்புள் என்று ஒருவரும் கை கால்கள் என்று இன்னொருவரும் வாதிட்டார்கள். எல்லாம் ஒரே சமயத்தில்தான் தோன்றுகின்றன, நுண்மையாக இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது தன்வந்திரியின் தீர்ப்பு. மாங்காயையும் மூங்கில் குருத்தையும் அவர் உதாரணம் காட்டினார்.

இன்றைய கருவியல் இரு தரப்புக்கும் கொஞ்சம் மதிப்பெண் தரும். முதலில் வேலை செய்யத் தொடங்கும் உறுப்பு இதயம். அந்த வகையில் கிருதவீரியர் ஜெயித்தார். பெரும்பாலான உறுப்புகள் ஒரே ஆறு வார இடைவெளியில் அடுத்தடுத்துத் தொடங்குகின்றன என்பதால் தன்வந்திரியும் முழுக்கத் தோற்கவில்லை. ஆனால் உறுப்புகள் நுண்ணிய வடிவில் முன்கூட்டியே ஒளிந்திருப்பதில்லை. அவை இல்லாத நிலையிலிருந்து உருவாக்கப்படுகின்றன.

அந்த வேலை 15-ம் நாள் வாக்கில் தொடங்குகிறது. தட்டையான தகட்டின் நடுவே ஒரு மெல்லிய கோடு தோன்றுகிறது. மேல்பரப்பிலுள்ள செல்கள் அந்தக் கோட்டை நோக்கி நகர்ந்து, அதன் வழியே உள்ளே இறங்கிப் பரவுகின்றன. அந்த மேல்பரப்புச் செல்களிலிருந்தே மூன்று அடுக்குகள் உருவாகின்றன. வெளியடுக்கிலிருந்து தோலும் மூளையும் நரம்புகளும் வரும். நடு அடுக்கிலிருந்து இதயம், ரத்தம், எலும்பு, தசை, சிறுநீரகம். உள்ளடுக்கிலிருந்து குடலின் உட்புறம், கல்லீரல், கணையம், நுரையீரலின் உட்புறம். முன்பக்கம், பின்பக்கம், இடது, வலது என்ற திசைகளும் இந்த நாட்களில்தான் உறுதியாகின்றன.

இந்தக் கோட்டுக்குச் சட்ட முக்கியத்துவமும் உண்டு. சோதனைச் சாலையில் மனிதக் கருவை 14 நாட்களுக்கு மேலோ, இந்தக் கோடு தோன்றிய பிறகோ வளர்க்கக் கூடாது என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிர் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டு விதிகள்.

அண்டை வீட்டார் சொல் கேட்டு

ஒரே ஒரு செல்லிலிருந்து தொடங்கி 200-க்கும் அதிகமான செல் வகைகள் எப்படி வருகின்றன? கல்லீரலாகப் போகும் செல்லில் கல்லீரலுக்கான மரபணுக்கள் மட்டும் மிஞ்சுகின்றனவா? இல்லை என்று நிரூபித்தவர் பிரிட்டனின் ஜான் கர்டன். தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, சொந்த உட்கரு நீக்கப்பட்ட தவளை முட்டைக்குள் அவர் செலுத்தினார். சில முட்டைகளிலிருந்து முழுத் தலைப்பிரட்டைகள் வளர்ந்தன. 1962-ல் முடிவுகள் வெளியாயின. குடல் செல் எதையும் தொலைத்துவிடவில்லை என்பது தெளிவாயிற்று. மனிதரின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் அதே சுமார் 20,000 மரபணுக்கள் இருக்கின்றன. எவை விழித்திருக்கின்றன, எவை தூங்குகின்றன என்பதில்தான் வித்தியாசம். கர்டனுக்கு 2012-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எதை விழிக்கச் செய்வது என்று செல்லுக்கு யார் சொல்கிறார்கள்? இதற்கான முதல் பெரிய துப்பு ஜெர்மனியில் 1924-ல் கிடைத்தது. ஹில்டே மங்கோல்ட் என்ற இளம் ஆய்வாளர், தன் பேராசிரியர் ஹான்ஸ் ஸ்பீமனின் வழிகாட்டுதலில், நியூட் என்ற பல்லி போன்ற நீர்வாழ் பிராணியின் கருவில் குறிப்பிட்ட ஒரு துணுக்கை வெட்டி எடுத்து, வேறு நிறமுள்ள இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கம் ஒட்டினார். அந்த இடத்தில் தண்டுவடத்துடன் இரண்டாவது உடல் ஒன்று ஒட்டிப் பிறந்த இரட்டைபோல வளர்ந்தது. ஆச்சரியம் நிறத்தில் இருந்தது. புதிய உடலின் பெரும்பகுதி ஒட்டப்பட்ட துணுக்கிலிருந்து வரவில்லை. வயிற்றுத் தோலாக ஆகியிருக்க வேண்டிய உள்ளூர்ச் செல்கள்தான் புதிய அண்டை வீட்டார் பேச்சைக் கேட்டு நரம்பாக மாறியிருந்தன. கட்டுரை வெளியான அதே 1924-ல் மங்கோல்ட் அடுப்பு விபத்தில் தீக்காயமடைந்து இறந்தார். அவருக்கு 26 வயதுகூட நிறையவில்லை. 1935-ல் நோபல் பரிசு ஸ்பீமனுக்கு மட்டும் போனது.

ஒரு செல் தான் நிற்கும் இடத்தை எப்படி அறிகிறது என்பதற்கு 1969-ல் லூயிஸ் வோல்பர்ட் கொடியை உவமை காட்டினார். அவர் காட்டியது பிரான்ஸின் மூவர்ணக் கொடி. ஒரு முனையிலிருந்து ரசாயன சமிக்ஞை ஒன்று கசிகிறது. அருகில் அடர்த்தி அதிகம், தொலைவில் குறைவு. அடர்த்தியைப் பொறுத்துச் செல்கள் நீலமாகவோ வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஆகின்றன. ஊர்வாசி ஒருவன் கோயில் மணியோசை கேட்கும் அளவை வைத்தே தன் தெருவைச் சொல்வதுபோல.

கையைப் பார்த்தால் இது புரியும். கை மொட்டில், சுண்டுவிரல் வரப்போகும் பக்கத்தில் ஒரு சிறு செல் கூட்டம் சமிக்ஞைப் புரதம் ஒன்றைச் சுரக்கிறது. கூட்டத்துக்கு மிக அருகில் இருப்பவை சுண்டுவிரலாகின்றன. தள்ளி இருப்பவை அடுத்தடுத்த விரல்கள். 1968-ல் கோழிக் கருவில் இதே கூட்டத்தை எதிர்ப்பக்கத்திலும் ஒட்டியபோது கண்ணாடியில் பார்ப்பதுபோல இரட்டை வரிசை விரல்கள் முளைத்தன. 1993-ல் அந்தப் புரதத்தின் மரபணு அடையாளம் காணப்பட்டது. அதன் பெயர் சோனிக் ஹெட்ஜ்ஹாக். பழ ஈயில் இதன் உறவு மரபணு கெட்டால் புழுவின் உடலெங்கும் முள் முளைத்து முள்ளெலிபோல ஆகிறது என்பதால் ஹெட்ஜ்ஹாக். சோனிக் என்பது அப்போது பிரபலமான வீடியோ விளையாட்டின் கதாநாயகன்.

சாவும் ஒரு சிற்பி

முதலில் உருவாகும் கை, துடுப்புபோல் இருக்கிறது. விரல்களை இணைக்கும் செல்கள் குறித்த நேரத்தில் தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன. எட்டாவது வாரத்தில் விரல்கள் தனித்தனியாகின்றன. அந்தச் சாவு நிகழாவிட்டால் குழந்தை ஒட்டிய விரல்களுடன் பிறக்கும். இது விபத்தல்ல, திட்டமிட்ட மரணம் என்பதை ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு ஒன்று காட்டியது. அந்தப் புழு வளர்கையில் உருவாகும் 1,090 உடல் செல்களில் மிகச் சரியாக 131 செல்கள் ஒவ்வொரு முறையும் இறக்கின்றன. இதைக் கண்டறிந்தவர்களுக்கு 2002-ல் நோபல் பரிசு தரப்பட்டது.

சிறுநீரகத்தில் நடப்பது இரு தரப்புப் பேச்சுவார்த்தை. ஐந்தாவது வாரத்தில் ஒரு பக்கம் சிறு குழாய் மொட்டு, இன்னொரு பக்கம் தளர்வான செல் திரள். திரள் ஒரு சமிக்ஞை அனுப்பி மொட்டை அழைக்கிறது. உள்ளே நுழைந்த மொட்டு கிளைவிடுகிறது. ஒவ்வொரு கிளை நுனியும், நெஃப்ரான் என்ற வடிகட்டிகளை அமைக்கும்படி திரளைத் தூண்டுகிறது. 1950-களில் அமெரிக்காவின் கிளிஃபோர்ட் குரோப்ஸ்டைன் எலிக் கருவிலிருந்து இரண்டையும் பிரித்து வளர்த்துப் பார்த்தார். தனியாக இருந்தபோது எதுவும் நடக்கவில்லை. சேர்த்து வைத்தால் சிறுநீரகக் குழல்கள் உருவாயின. இருவரில் ஒருவர் வராவிட்டால் உறுப்பே இல்லை.

பேச்சு அறுந்தபோது

இப்படிப் பேச்சை நம்பியிருக்கும் ஒரு கட்டுமானத்தில் நேரம் தவறினால் என்ன ஆகும் என்று உலகம் கொடூரமான முறையில் கற்றுக்கொண்டது. 1957 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைட் மாத்திரை விற்பனைக்கு வந்தது. தூக்கத்துக்குக் கொடுக்கப்பட்ட அதைக் கர்ப்பிணிகள் மசக்கைக்கும் சாப்பிட்டார்கள். 1961 நவம்பரில் திரும்பப் பெறப்படுவதற்குள் பல நாடுகளில் 10,000-க்கும் அதிகமான குழந்தைகள் கை கால் குறைந்தோ, காது, கண், இதயக் கோளாறுகளுடனோ பிறந்தனர். அமெரிக்காவில் மருந்து அதிகாரி ஃபிரான்சஸ் கெல்சி போதிய சான்று இல்லை என்று அனுமதியை நிறுத்திவைத்ததால் அந்த நாடு பெருமளவு தப்பியது.

அபாய காலம் சுமார் 20-ம் நாளிலிருந்து 36-ம் நாள்வரை. அதற்குள்ளும் ஓர் ஒழுங்கு இருந்தது. முதல் நாட்களில் சாப்பிட்டவர்களின் குழந்தைகளுக்குக் காதும் கட்டை விரலும் பாதிக்கப்பட்டன. அடுத்து கைகள், பிறகு கால்கள். காரணம் புலப்பட அரை நூற்றாண்டு ஆனது. 2010-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் இந்த மருந்து செரிப்ளான் என்ற புரதத்தில் போய் ஒட்டிக்கொள்வதைக் கண்டறிந்தார்கள். அப்படி ஒட்டும்போது, உறுப்பு வளர்ச்சிக்கு அவசியமான சால்4 என்ற புரதம் அழிக்கப்படுகிறது என்று 2018-ல் தெரிந்தது. அதே மருந்து இந்தியாவில் தொழுநோயின் ஒருவகை எதிர்வினைக்கும் ரத்தப் புற்றுநோய் வகை ஒன்றுக்கும் பயன்படுகிறது. கர்ப்பம் தரிக்கக்கூடிய பெண்களுக்குக் கடும் எச்சரிக்கை தேவைப்படுவது அதனால்தான்.

மூடாத குழல்

இந்தியாவுக்கு மிக நெருக்கமான கதை நரம்புக் குழலுடையது. மூன்றாவது வாரத்தில் கருவின் முதுகில் ஒரு செல் பட்டை தடிக்கிறது. அதன் இரு விளிம்புகளும் எழுந்து, வாழை இலைபோல உள்நோக்கிச் சுருண்டு, நடுவில் சந்தித்து ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டுதல் கழுத்துப் பகுதியில் தொடங்கி இரு திசையிலும் பரவுகிறது. மேல்முனை மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் வளராது, குழந்தை பிழைக்காது. கீழ்ப்பகுதி மூடாவிட்டால் முதுகெலும்பு பிளந்திருக்கும். பலருக்குக் கால்கள் செயலிழக்கும், சிறுநீர் கட்டுப்பாடு இராது.

இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளியான கணிப்பின்படி 1,000 பிறப்புகளுக்குச் சுமார் 4 குழந்தைகளுக்கு இந்தக் கோளாறு உண்டு.

இதில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது. அதை 1991-ல் பிரிட்டன் தலைமையில் 7 நாடுகளில் நடந்த சோதனை நிரூபித்தது. ஏற்கனவே இப்படி ஒரு குழந்தையைப் பெற்ற பெண்களுக்குக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுக்கப்பட்டது. ஆபத்து 72 சதவிகிதம் குறைந்தது. அதே சமயம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் 5 மையங்களில் 466 பெண்களிடம் இதே சோதனையை நடத்திக்கொண்டிருந்தது. வெளிநாட்டு முடிவு வந்ததும், இனியும் சிலருக்குப் போலி மாத்திரை கொடுப்பது நியாயமில்லை என்பதால் சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது. அதுவரை கிடைத்த கணக்கு: வைட்டமின் சாப்பிட்டவர்களில் 2.92 சதவிகிதத்தினருக்கு மீண்டும் அதே கோளாறு; சாப்பிடாதவர்களில் 7.04 சதவிகிதம். எண்ணிக்கை சிறியது என்பதால் இதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் காட்டிய திசை ஒன்றே.

ஃபோலேட் ஏன் வேண்டும்? செல் இரண்டாகப் பிரியுமுன் தன் டிஎன்ஏவை நகல் எடுக்க வேண்டும். அதற்கான மூலப்பொருட்களைத் தயாரிக்க ஃபோலேட் தேவை. மூன்றாவது, நான்காவது வாரங்களில் செல்கள் பிரியும் வேகத்துக்குக் கையிருப்பு தயாராக இருக்க வேண்டும். 30-ம் நாள் தொடங்கும் மாத்திரையால் ஏற்கனவே திறந்து நிற்கும் குழலை மூட முடியாது.

இங்கேதான் கெடு தவறுகிறது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தாய்மார்களில் 70 சதவிகிதத்தினர் முதல் மூன்று மாதங்களுக்குள் ஒருமுறையாவது பரிசோதனைக்குப் போயிருந்தார்கள். முன்னேற்றம்தான். ஆனால் குழலுக்கு மூன்று மாத அவகாசம் கிடையாது. 2018-ன் 'அனீமியா முக்த் பாரத்' நெறிமுறை, கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கி முதல் மூன்று மாதம்வரை தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சாப்பிடச் சொன்னது. கர்ப்பத்துக்கு முந்தைய பெண்ணை எந்தப் பதிவேட்டில் தேடுவது என்பதுதான் சிக்கல். இளம்பெண்களுக்கு வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையில் அந்த நெறிமுறை வைத்த ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். வாராந்தர மாத்திரைக்கு உலக சுகாதார நிறுவனம் 2011-ல் பரிந்துரைத்த அளவு 2,800 மைக்ரோகிராம்.

மகன் வேண்டி மருந்து

கருவின் நேர அட்டவணை தெரியாததால் வரும் இன்னொரு சோகம் வட இந்தியாவில் நடக்கிறது. மகன் பிறப்பான் என்று சொல்லி, சிவலிங்கி போன்ற விதைகளும் பொடிகளும் கர்ப்பத்தின் இரண்டாவது, மூன்றாவது மாதங்களில் கொடுக்கப்படுகின்றன. ஹரியானாவில் 2010-களில் நடந்த ஆய்வுகள் இத்தகைய மருந்து சாப்பிட்டவர்களின் குழந்தைகளுக்குப் பிறவிக் கோளாறுகள் வரும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு அதிகம் என்று கண்டன. சோதித்த மாதிரிகள் சிலவற்றில் ஹார்மோன் தன்மையுள்ள பொருட்கள் இருந்தன.

விஞ்ஞானப்படி இது இரட்டை முட்டாள்தனம். ஆணா பெண்ணா என்பது தந்தையின் விந்தணு முட்டையைத் துளைத்த கணத்தில் தீர்ந்துபோன விஷயம். ஆறாவது வாரம்வரை இரு பாலருக்கும் இனச் சுரப்பி ஒரே மாதிரிதான் இருக்கிறது. தந்தையிடமிருந்து ஒய் குரோமோசோம் வந்திருந்தால், அதிலுள்ள எஸ்ஆர்ஒய் என்ற மரபணு அப்போது விழித்து, சுரப்பியை விந்தகமாகும் பாதையில் தள்ளுகிறது. 1990-ல் லண்டன் விஞ்ஞானிகள் கண்டுபிடித்த மரபணு இது. எந்தப் பொடியும் இல்லாத குரோமோசோமைக் கொண்டுவராது. ஆனால் இதயமும் முகமும் விரல்களும் அமைந்துகொண்டிருக்கும் நாட்களில் தாயின் ரத்தத்தில் வேண்டாத சமிக்ஞையைக் கலந்துவிடும். மகனுக்கு ஆசைப்பட்ட குடும்பம், ஆரோக்கியமாகப் பிறந்திருக்க வேண்டிய மகளுக்கோ மகனுக்கோ கேடு செய்கிறது.

எண்ணிக்கையில் பற்றாக்குறை

எட்டு வாரம் தாண்டிவிட்டால் ஆபத்து முடிந்ததா? வடிவத்தைப் பொறுத்தவரை பெருமளவுக்கு. எண்ணிக்கையைப் பொறுத்தவரை இல்லை. நெஃப்ரான்கள் பிரசவத்துக்குச் சுமார் ஒரு மாதம் முன்புவரை உருவாகின்றன. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அதன் பிறகு ஒன்றுகூடப் புதிதாக வராது. ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகச் சுமார் 10 லட்சம் இருக்கும் என்றாலும் சிலருக்கு 2 லட்சம், சிலருக்கு 20 லட்சம். பிறப்பு எடையில் ஒரு கிலோ கூடினால் சுமார் இரண்டரை லட்சம் நெஃப்ரான் கூடுதல் என்று 2003-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. குறைந்த கையிருப்புடன் தொடங்குபவருக்குப் பிற்காலத்தில் ரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் வரும் வாய்ப்பு அதிகம் என்று கருதப்படுகிறது.

இந்தியக் குழந்தையின் நிலை என்ன? புனேவைச் சுற்றியுள்ள கிராமங்களில் டாக்டர் சி.எஸ். யாஜ்னிக் குழுவினர் 1993-ல் தொடங்கிய ஆய்வில் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் 3.5 கிலோ. எல்லாம் ஒரே அளவில் குறையவில்லை. அதிகம் குறைந்தது வயிற்றின் சுற்றளவும் கைத்தசையும். வயிற்றுச் சுற்றளவு என்றால் உள்ளுறுப்புகள். தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் ஏறக்குறையக் குறையாமல் இருந்தது. ஒல்லியாகத் தெரிந்தும் கொழுப்பு மிகுந்த இந்த உடல்வாகு இந்தியர்களின் நீரிழிவுக்கு ஒரு வேராக இருக்கலாம் என்கிறது அந்தக் குழு.

மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு ஆஸ்பத்திரியில் 1934 முதல் எழுதி வைத்த பிரசவப் பதிவேடுகளும் இதையொட்டிப் பேசின. அங்கே 1934-க்கும் 1954-க்கும் இடையில் பிறந்த 517 பேரை ஆய்வாளர்கள் தேடிப்பிடித்துப் பரிசோதித்தார்கள். 1996-ல் வெளியான முடிவு: இரண்டரைக் கிலோவும் அதற்குக் குறைவாகவும் பிறந்தவர்களில் 11 சதவிகிதத்தினருக்கு மாரடைப்பு வகை இதயநோய். மூன்று கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் 3 சதவிகிதம்.

புனே ஆய்வில் இன்னொரு பாடமும் உண்டு. அந்தக் கிராமத் தாய்மார்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு பி12 வைட்டமின் குறைவாக இருந்தது. ஃபோலேட் குறைந்திருந்தவர் ஒரே ஒருவர்தான். பி12 குறைந்து ஃபோலேட் மட்டும் அதிகமாயிருந்த தாய்மார்களின் குழந்தைகளிடம் ஆறு வயதில் இன்சுலின் சரியாக வேலை செய்யாத அறிகுறி தெரிந்தது என்று 2008-ல் அறிவித்தார்கள். இரண்டும் சேர்ந்தே இயங்குபவை. நரம்புக் குழலுக்கு ஃபோலிக் அமிலம் அவசியம் என்பதை இது மாற்றவில்லை. பாலும் முட்டையும் எட்டாத வீடுகளில் அது மட்டும் போதாது என்கிறது.

மொத்தத்தில், உறுப்புகளை அமைக்கும் வேலையைச் செல்கள் யாரும் கற்றுத்தராமலே செய்கின்றன. அவை வெளியிலிருந்து கேட்பது இரண்டுதான்: தேவையான சத்து தொடங்கும் முன்பே கையில் இருக்க வேண்டும், வேலை நடக்கும் நாட்களில் வேண்டாத மருந்து குறுக்கிடக் கூடாது. நாள் தள்ளிப்போனதை அறிந்து மாத்திரை வாங்கப் போவதற்குள் முதல் கெடு பாதி கழிந்திருக்கும். இந்தியாவில் பல பெண்கள் திருமணமான முதல் ஆண்டிலேயே கர்ப்பமாகிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை மாத்திரை தொடங்க வேண்டிய நாள், கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகும் நாள்.